ஜூலை 4 கொல்லைப்புற விருந்து: கரி அடுப்பா, கேஸ் அடுப்பா?

அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று பதினைந்து பேருக்குக் கறி சுட்டுப் போட வேண்டும் என்றால், அடுப்பில்தான் பாதி வேலை இருக்கிறது.

கேஸ் என்றால் மூடியை மூடி 10–15 நிமிடம் சூடேற்றினால் போதும். கரிக்குச் சிம்னி ஸ்டார்ட்டர் (கரியைப் பற்றவைக்கும் உருளை வடிவ உலோகக் குவளை) நிறைய, சுமார் 100 கரிக்கட்டிகள் வேண்டும். அடியில் செய்தித்தாளின் இரண்டு தாள். மேல்கட்டிகளில் சாம்பல் பூக்க 20 நிமிடம் ஆகும். பொறுமையில்லாமல் எரிதிரவம் ஊற்றினால் கறியெல்லாம் மண்ணெண்ணெய் வாடைதான்.

கனன்ற கரியை ஒரு பக்கமாகக் குவியுங்கள். முழுக்கப் பரப்பிவிட்டால், கோழித்தொடையின் கொழுப்பு சொட்டித் தீ குப்பென்று எழும்போது கறியை ஒதுக்க இடமே இருக்காது. வெளியே கருகி, எலும்போரம் பச்சையாக நிற்கும். உள்சூடு கோழிக்கு 74°செ, கொத்துமாட்டிறைச்சி வடைக்கு 71°செ.

கேஸில் வரும் வம்பு வேறு. சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்தால் ரெகுலேட்டர் அதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டு வாயுவை மட்டுப்படுத்திவிடும். தீ சோம்பிக் கிடக்கும். சிலிண்டர் காலி என்று கடைக்கு ஓடுவார்கள். எல்லாவற்றையும் மூடி, குழாயைக் கழற்றி, ஒரு நிமிடம் கழித்து மாட்டி, வால்வை மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும்.

27 அடி தள்ளிப் பலகை வைத்துக் கார்ன்ஹோல் (பலகையின் ஓட்டைக்குள் சிறு பைகளை எறியும் விளையாட்டு) ஆடிக்கொண்டே ஆட்கள் அவ்வப்போது தட்டோடு வருவார்கள் என்றால் கேஸ்தான் தோது. கோழி, விலாக்கறிக்குக் கரியின் புகைமணத்தைக் கேஸ் தொடாது. சாம்பலை மட்டும் 48 மணி நேரம் ஆறாமல் குப்பைத்தொட்டியில் கொட்டாதீர்கள்.