டோக்கன் எண் 41

டொரொண்டோவிலிருந்து போய் மூன்று வாரம் கும்பகோணத்தில் இருந்தேன். கல்யாணம், கோயில், டிகிரி காபி எல்லாம் குறையில்லாமல் நடந்தன, அவற்றை விடுங்கள். ஓர் இசிஜி எடுக்க நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

இதய மேலறை தறிகெட்டுத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக நான்கு மாதம் முன்பு டொரொண்டோவில் அப்லேஷன், அதாவது இதயத்துக்குள் சூடு வைக்கும் சிகிச்சை, செய்தார்கள். படபடப்பு நின்றது. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது 62 இருந்த நாடி 78-க்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது. கேட்டால், 'இயல்பான அளவுதான்' என்று ஒற்றை வரியில் பதில். மேற்கொண்டு பேச ஆறு வாரம் காத்திருக்க வேண்டுமாம்.

ஊரில் முதலில் போனது பளபளவென்ற பெரிய மருத்துவமனைக்கு. கோப்பு போட ஒரு வரிசை, பணம் கட்ட ஒரு வரிசை. இசிஜி மட்டும் போதும் என்று மூன்று முறை சொன்னேன். "முழுப் பரிசோதனையோடு சேர்த்தால் லாபம் சார்" என்று மூன்று முறையும் பதில் வந்தது. இரண்டரை மணி நேரம் கழித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே நாடியைக் குறைக்க மாத்திரை எழுதினார் மருத்துவர். ஏன் ஏறியது என்றேன். "டென்ஷன்." டென்ஷன் உண்மைதான், அவருடைய கவுண்டரில் வந்தது.

மறுநாள் அத்தை தன் பழைய டாக்டரிடம் இழுத்துப்போனார். அதே மரபெஞ்சு, அதே கம்பவுண்டர், டோக்கன் 41. டாக்டர் ஒரு முழு நிமிடம் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். டொரொண்டோவில் என் கையை யாரும் அப்படித் தொட்டதில்லை. இசிஜி தாளில், மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்து, "தாளம் சரி, வேகம்தான் கூடுதல்" என்றார்.

பிறகு மருந்துச் சீட்டின் பின்புறம் படம் வரைந்தார். கோளாறான மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன என்று 1998-ல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் காட்டினார்கள். அதனால் அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றிச் சுட்டு வேலி கட்டுகிறார்கள். அங்கேயே கொழுப்புத் திட்டுகளுக்குள் இதயத்தின் சொந்த நரம்பு முடிச்சுகளும் இருக்கின்றன. மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு இதயத்தை அடக்குவது அவற்றின் வழியாகத்தான். சூடு அவற்றிலும் பட்டுவிடுகிறது.

"மூக்கணாங்கயிறு தளர்ந்திருக்கிறது தம்பி. மாடு கொஞ்சம் வேகமாக நடக்கிறது, வழி தவறவில்லை."

பலருக்குச் சில மாதங்களில் இறங்குமாம். சிலருக்கு ஓராண்டு தாண்டியும் நீடிக்குமாம். வெப்பத்துக்குப் பதில் மின்துடிப்பால் செய்யும் புதிய முறையில் நரம்புகளுக்கு இவ்வளவு சேதம் இல்லையாம். தைராய்டும் ரத்த அளவும் பார்க்கச் சொன்னார். 78-க்கு எதற்கு மாத்திரை என்று அந்த மருத்துவமனைச் சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டார். அத்தனை பெரிய கருவிகளை வைத்துக்கொண்டு என் இதயத்துக்குள் போய்வந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை!

கட்டணம் 150 ரூபாய். 500-ஐ நீட்டினேன். கம்பவுண்டரிடம் சில்லறை இல்லை. "அத்தையிடம் அப்புறம் வாங்கிக்கொள்கிறேன், கிளம்புங்கள்" என்று 42-ஐக் கூப்பிட்டார்.