ஒரே பங்கா, குறியீட்டு ஃபண்டா?

1997 மே மாதம் அமேசான் பங்கு 18 டாலருக்கு வெளியானது. அன்று ஒரு பங்கு வாங்கி அப்படியே விட்டவரிடம் இன்று 240 பங்குகள். நிறுவனம் நான்கு முறை ஒவ்வொரு பங்கையும் பல பங்குகளாகப் பிரித்ததால் வந்த கணக்கு. கேட்கவே ஆசையாக இருக்கிறது, சரி. ஆனால் 1999 உச்சத்திலிருந்து 2001க்குள் விலை 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அப்போதும் விற்காமல் இருந்திருப்போமா? நான் விற்றிருப்பேன். அதே 2001 டிசம்பரில் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் திவாலானது. அதைப் பொறுமையாக வைத்திருந்தவருக்கு மிஞ்சியது வெறும் காகிதம்.

அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனங்களின் பட்டியல்தான் எஸ் அண்ட் பி 500. அதிலுள்ள பங்குகளை மொத்தமாக வாங்கி வைக்கும் குறியீட்டு ஃபண்டில் இவ்வளவு பரபரப்பு இல்லை. ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் 30 ஆண்டுகளில் சுமார் 17 மடங்கு. என்ரான் அந்தப் பட்டியலிலும் இருந்ததுதான். அதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் சேர்த்த நிறுவனம், என்விடியா.