கல்லூரி அங்கீகாரமா, வெளியே தனி வட்டமா?

அரசியல் பேச மாணவர் வட்டம் தொடங்கலாம் என்றதும் வரும் முதல் சண்டை இதுதான்.

செலவு: உள்ளே அரங்கமும் மைக்கும் பெரும்பாலும் இலவசம். வெளியே டீக்காசு முதல் வாடகை வரை நம் பையிலிருந்து. (மெரினா மணலுக்கு வாடகை இல்லைதான், போலீஸ் வரும்.)

பேச்சு: உள்ளே நோட்டீஸுக்கும் கையெழுத்து வாங்க அலையணும். வெளியே அந்தத் தொல்லை இல்லை.

ஆயுள்: சென்னை ஐஐடி 2015 மே மாதம் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. பெயரில்லாத புகார் ஒன்றை மத்திய மனிதவள அமைச்சகம் அனுப்பிய பிறகு நடந்தது அது. போராட்டம் வெடித்தது, ஜூனில் திரும்பக் கொடுத்தார்கள். பறிக்க ஏதோ இருந்ததால்தான் திருப்பிக் கேட்கவும் முடிந்தது என்பேன். வெளி வட்டமோ செமஸ்டர் பரீட்சை வந்தாலே கலைந்துவிடும்.

ஜூனியர்கள் தொடர்ந்து வரணுமா, உள்ளே போங்கள். நிர்வாகத்தையே விமர்சிக்கணுமா, சரி, வெளியே.