பழைய மெர்சிடிஸில் கீன்ஸ்லே கடிகாரம்: சில ஆண்டு அனுபவம்

என்னுடைய 1973 மாடல் மெர்சிடிஸ் 200 காரின் டேஷ்போர்டில் இருக்கும் கீன்ஸ்லே (Kienzle என்ற ஜெர்மன் நிறுவனத்தின்) கடிகாரத்தைப் பழுதுபார்த்துச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். சிங்கப்பூரில் பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர், "அதெல்லாம் ஓடாது" என்று கைகழுவிவிடுகிறார்கள். ஓடும். அதைக் கெடுப்பது வயது இல்லை, இறங்கிப்போன பேட்டரிதான்.

பார்த்தால் மின்சாரத்தில் ஓடுவது போலத் தெரியும். உள்ளே இருப்பது சாவி கொடுக்கிற கடிகாரம். சாவி கொடுக்கும் வேலையை மட்டும் ஒரு மின்காந்தச் சுருள் செய்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஸ்பிரிங் தளர்ந்ததும் இரண்டு கான்டாக்ட் முனைகள் தொட்டுக்கொள்ளும். சுருள் 'டக்' என்று ஓர் உதை கொடுத்து ஸ்பிரிங்கை முறுக்கிவிடும், முனைகள் விலகிவிடும். இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் அந்த 'டக்' நன்றாகவே கேட்கும். பேட்டரி இறங்கினால் உதையில் வலு இருக்காது. முனைகள் ஒட்டியபடியே நிற்க, மின்சாரம் விடாமல் பாய்ந்து சுருள் சூடேறும். அது கருகுவதற்குள் பின்பக்கத்துச் சால்டர் ஃபியூஸ், அதாவது குறைந்த சூட்டிலேயே உருகும் ஈயப்பற்று, உருகி இணைப்பை அறுத்துவிடும். நின்றுபோன கீன்ஸ்லேக்களில் நிறைய இப்படி நின்றவைதான்.

இங்கே இது அடிக்கடி நடப்பதில் வியப்பில்லை. கிளாசிக் கார் திட்டத்தில் பதிந்த வண்டியை ஆண்டுக்கு 45 நாள் வரைதான் ஓட்டலாம். மீதி நாளெல்லாம் சும்மா நிற்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடி கார் நிறுத்துமிடத்தில் சார்ஜர் மாட்டப் பிளக் பாயின்ட்டுக்கு எங்கே போவது?

கடிகாரத்தை வெளியே எடுத்ததும் முதலில் மல்ட்டிமீட்டரை வைத்துச் சுருளைப் பாருங்கள். சுருளே அறுந்திருந்தால் மேற்கொண்டு மெனக்கெட வேண்டாம். ஃபியூஸ் மட்டும் விட்டிருந்தால் மறுபடி ஒட்டலாம், ஆனால் சாதாரண சால்டர் ஆகாது. அது உருக 180 டிகிரிக்கு மேல் வேண்டும். அடுத்த முறை ஃபியூஸுக்கு முன்னால் சுருள் போய்விடும். 138 டிகிரியில் உருகும் டின்-பிஸ்மத் சால்டரை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சிம் லிம் டவரில் வாங்கினேன். கான்டாக்ட் முனைகளுக்கு உப்புத்தாள் போடாமல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டை நடுவில் விட்டு இழுத்தால் கறுப்பெல்லாம் அதில் வந்துவிடும். வாட்ச் எண்ணெய் ஊசி முனையில் எடுக்கும் அளவு போதும். எண்ணெய் ஸ்பிரே பக்கமே போகாதீர்கள், தூசியைச் சேர்த்துக் களிம்பாக்கிவிடும்.

நேரம் சரிசெய்வதில்தான் பொறுமை வேண்டும். பின்னால் கூட்டல், கழித்தல் குறி போட்ட சின்ன நெம்பு இருக்கிறது. மயிரிழை அளவு நகர்த்திவிட்டு ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதுவும் டேஷ்போர்டில் நிற்கும் அதே கோணத்தில் நிறுத்தி வைத்து. மேசையில் படுக்கப்போட்டுச் சரிசெய்தால் காரில் மாட்டியதும் வேறு கணக்குக் காட்டும். இப்போது நாளுக்கு ஓரிரு நிமிடம் முன்னே பின்னே போகிறது. ஐம்பது வயது எந்திரத்திடம் இதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மாட்டிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டேன். வண்டியை நிறுத்தி வைக்கும்போது அதை அணைத்துவிட்டால் கடிகாரத்துக்கு மின்சாரம் போகாது. இதுதான் உண்மையான ரிப்பேர் என்பேன். ஒன்று கவனம்: ஓடி நின்ற கடிகாரத்தில் முனைகள் தொட்டபடியேதான் இருக்கும். அந்த நிலையில் சோர்ந்த பேட்டரியை இணைப்பதுதான் ஆபத்து. 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சார்ஜ் ஏற்றாமல் சுவிட்சைத் தொடமாட்டேன்.

இதற்கு விலை, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் முள்ளைத் திருகி வைக்க வேண்டியிருப்பது. ஒலி 96.8 வானொலியின் செய்தி நேரத்துக்கு வைத்துக்கொள்கிறேன். சொல்லப்போனால் இந்தக் கார் வந்த காலத்தில் சிங்கப்பூர் நேரமே அரை மணி பின்னால் இருந்தது. 1982 ஜனவரி 1-இல்தான் இன்றைய நேரத்துக்கு மாறினோம். அன்றும் யாரோ இதே குமிழைத் திருகியிருப்பார்கள்.

"அண்ணே, பேசாம குவார்ட்ஸ் மெஷினை உள்ளே வச்சிடுங்க" என்கிறார் இன்னொரு பழைய மெர்சிடிஸ்காரர். சுருள் போன கடிகாரத்துக்கு அது நல்ல யோசனைதான், முகப்பும் முள்ளும் அப்படியே இருக்கும். அந்த 'டக்' மட்டும் இருக்காது. அதனால் சுருள் உயிரோடு இருக்கிற வரை நான் மாற்றப்போவதில்லை.