ஒற்றை வரி ரசீது: வீட்டு ஒலிப்பதிவுத் தொகுப்பு வாங்குவோர் கவனத்திற்கு

கம்ப்யூட்டர், மைக், மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலைக்கு "முழு ஹோம் ஸ்டூடியோ பேக்கேஜ்" தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வருகின்றன. அப்படி ஒன்றைச் சிங்கப்பூரில் 3,400 வெள்ளி கொடுத்து வாங்கினேன். பெட்டிக்குள் என்ன இருந்தது, சொன்னதில் என்ன இல்லை என்பதை இங்கே எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் பலகையை மாற்றிக்கொண்டு வேறு பெயரில் உட்காருவார்கள். விற்கும் முறை தெரிந்துவிட்டால், எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் காணலாம்.

நான் வாய்ப்பாட்டு ஆசிரியை. ஈசூனில் வீட்டிலேயே வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகள் பயிற்சி செய்வதற்காக வர்ணம், கீர்த்தனை, பஜனைப் பாடல்களைப் பதிவு செய்து கொடுப்பது நெடுநாள் வழக்கம். அதற்கு நான்கு தடக் கேஸட் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. 1979இல் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ என்ற பெயரில் தொடங்கிவைத்த வகையைச் சேர்ந்த கருவி. ஒரு தடத்தில் தம்புரா, இரண்டாவதில் என் குரல், அடுத்தவற்றில் வயலினும் மிருதங்கமும். பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், பாட வேண்டியதுதான். உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் பிசின்போல் இளகிவிட்டது. நல்ல கேஸட்டும் கிடைப்பதில்லை. மாறித்தான் ஆக வேண்டும் என்ற நிலை.

கடைக்காரர் நம்மவர். பேச்சில் தேன் ஒழுகியது. "அக்கா, நீங்கள் பாடுவதை மட்டும் பாருங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வீட்டுக்குப் போய் சுவிட்சைத் தட்டினால் போதும்" என்றார். இன்டெல் ஐ7 சிப் உள்ள கம்ப்யூட்டர், மைக்கையும் ஹெட்ஃபோனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி, கண்டென்சர் மைக், ஹெட்ஃபோன், தொழில்முறை மென்பொருள், வீட்டுக்கு வந்து பொருத்தித் தருவது, கூடவே பயிற்சி வகுப்பு. அத்தனையும் புத்தம்புதியவை என்று வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினார். அந்தச் செய்தியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கடையில் என் காதில் ஹெட்ஃபோனை மாட்டி ஒரு பல்லவி பாடச் சொன்னார். குரல் அந்தக் கணமே காதில் விழுந்தது. துளித் தாமதம் இல்லை. சூட்சுமம் இன்டர்ஃபேஸின் முகப்பில் இருந்த ஒரு சிறு திருகில் இருக்கிறது. டைரக்ட் மானிட்டர் என்று அதற்குப் பெயர். அதை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தால், மைக்கில் விழும் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்வராமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். கம்ப்யூட்டர் எவ்வளவு மந்தமாக இருந்தாலும் அப்போது தெரியாது. கடையில் திருகு அந்தப் பக்கம்தான் இருந்தது.

வீட்டில் குரலுக்குக் கொஞ்சம் எதிரொலி சேர்த்துக் கேட்க விரும்பினேன். அதற்குக் குரல் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வர வேண்டும். பாடினேன், என் குரல் எனக்குப் பின்னால் வந்தது. ஆதி தாளத்தில் தட்டினால், தட்டு விழுந்த பிறகு அதன் ஓசை காதுக்கு வருகிறது. மிருதங்கம் வாசிக்க வந்தவர் இரண்டு ஆவர்த்தனத்தோடு கையை எடுத்துவிட்டார். "என் கூடவே இன்னொருவர் பிந்திப் பிந்தி வாசிப்பதுபோல இருக்கிறது, டீச்சர்" என்றார்.

இந்தத் தாமதத்துக்குக் கணக்கு உண்டு. ஒலியைக் கம்ப்யூட்டர் சிறு சிறு பொட்டலங்களாக வாங்கி அனுப்புகிறது. பஃபர் என்பது அந்தப் பொட்டலத்தின் அளவு. ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து மாதிரிகளாக எடுக்கும் வேகத்தில், பஃபரை 1,024 மாதிரிகள் என்று வைத்தால் உள்ளே வர 23 மில்லிவிநாடி, வெளியே போக அதே அளவு. இரண்டும் சேர்ந்து ஐம்பதை நெருங்கிவிடும். தாளக்காரர் காதுக்கு அது மிகப் பெரிய இடைவெளி. 128 ஆகக் குறைத்தால் ஒரு பக்கத்துக்கு 3 மில்லிவிநாடிதான், யாருக்கும் தெரியாது. ஆனால் அவ்வளவு வேகத்துக்கு ஈடுகொடுக்கும் கம்ப்யூட்டரும், இன்டர்ஃபேஸைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் டிரைவர் என்ற மென்பொருளைத் தயாரிப்பாளரே தந்ததாகவும் வேண்டும். என் கம்ப்யூட்டரில் 128 வைத்ததும் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று பொரிந்தது.

என் அண்ணன் மகன் பாலிடெக்னிக்கில் ஒலித்துறை படிக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தவன் முதலில் டிரைவரைப் பார்த்தான். தயாரிப்பாளருடைய டிரைவர் இல்லை. எந்தக் கருவிக்கும் ஒட்டிக்கொள்ளும் பொதுவான இலவச டிரைவர் ஒன்று போடப்பட்டிருந்தது. அடுத்து கம்ப்யூட்டரின் உள்விவரத்தைத் திறந்தான். "அத்தை, ஐ7 என்று சொன்னது உண்மைதான். ஆனால் இது 6700" என்றான். அந்த நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம் தலைமுறையைக் காட்டும். ஆறாம் தலைமுறை; 2015இல் சந்தைக்கு வந்தது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் சிப்புகளின் பட்டியல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய அலுவலகக் கம்ப்யூட்டரின் உள்ளுறுப்புகளை எடுத்து, வண்ண விளக்கு எரியும் புதுக் கூட்டுக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கும்போதே அதற்கு அந்திமக் காலம்.

இன்டர்ஃபேஸ் விஷயம் இன்னும் மோசம். இவ்வகைக் கருவிகளோடு தயாரிப்பாளர்கள் ஒரு சிறிய பதிவு மென்பொருளை இலவசமாகத் தருவார்கள். கருவியின் அடியில் இருக்கும் தொடர் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் பதிந்தால் அது நம் பெயருக்கு வரும். பதிந்தேன். அந்த எண் ஏற்கெனவே இன்னொருவர் பெயரில் இருப்பதாகத் திரையில் வந்தது. தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டேன். நான் வாங்குவதற்கு வெகுகாலம் முன்பே பதிவாகிவிட்டது என்று பதில் அனுப்பினார்கள். அதன் பிறகு பெட்டியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒட்டியிருந்த நாடாவுக்கு அடியில், கிழித்து எடுத்த இன்னொரு நாடாவின் பசை. கருவியின் பின்புறம் யூஎஸ்பி செருகும் துளையைச் சுற்றிக் கீறல்கள்.

மென்பொருளைத் திறந்தால் ஓரத்தில் உரிமையாளர் பெயர் வரும். என் பெயர் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒரு கூட்டத்தின் பெயர். பூட்டு உடைத்த திருட்டுப் பிரதி. அதைவிடப் பயமுறுத்தியது வேறு: அந்தப் பிரதி வைரஸ் தடுப்பில் சிக்காமல் இருப்பதற்காக, அது இருக்கும் ஃபோல்டரைச் சோதிக்கவே வேண்டாம் என்று விண்டோஸ் பாதுகாப்பில் விலக்குக் கொடுத்து வைத்திருந்தார்கள். அதே கம்ப்யூட்டரில்தான் நான் வங்கிக் கணக்கைத் திறந்து மாணவர் கட்டணம் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே கடவுச்சொற்களை மாற்றினேன்.

சிறிய அநியாயங்களும் உண்டு. மாதிரி எடுக்கும் வேகத்தைக் கம்ப்யூட்டரில் 48,000 என்றும், மென்பொருளில் 44,100 என்றும் மாற்றி மாற்றி அமைத்திருந்ததால், ஒரு கட்டைச் சுருதியில் பாடிய பாட்டு ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒலித்தது. தம்புராப் பெட்டி ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். நுண்ணிய ஓசையையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கோ பக்கத்து மரத்துக் குயிலையும் மின்விசிறியையும் ஒன்றுவிடாமல் பதிந்தது. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டு அறைக்கு, சுற்றுச் சத்தத்தை அவ்வளவாக இழுக்காத சாதாரண டைனமிக் மைக்கே போதும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

பயிற்சி வகுப்புக்கு வந்த இளைஞரை மறக்க முடியாது. நான் பாடிய தோடி ராகத்தை எடுத்து, "சுருதி ஆடுகிறது, சரிசெய்து தருகிறேன்" என்று ஒரு மென்பொருளுக்குள் விட்டார். அது ஒவ்வொரு சுரத்தையும் பன்னிரண்டு நிலைகளில் ஒன்றில் பிடித்து நிறுத்தும் வகை. தோடியின் காந்தாரம் அசையாமல் குச்சிபோல் நின்றது. சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் முழுவதும் பிழையென்று துடைக்கப்பட்டுவிட்டது. "இப்போது நன்றாக இருக்கிறதல்லவா, அக்கா?" என்று வேறு கேட்டார்.

கடைக்குப் போன் செய்தபோதெல்லாம் குற்றவாளி மாறிக்கொண்டே இருந்தார். ஒரு முறை விண்டோஸ் அப்டேட், ஒரு முறை வீட்டு மின்சாரம், ஒரு முறை "நீங்கள் எதையோ தெரியாமல் அழுத்தியிருப்பீர்கள், அக்கா". வீட்டுக்கு வந்து பார்க்க ஒவ்வொரு தடவையும் 90 வெள்ளி என்றார்கள். சிவப்புப் பொத்தானை அழுத்தி இத்தனை காலம் பதிவு செய்தவளிடம் சொல்லும் பேச்சு இது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் ரசீதின் அருமை தெரிந்தது. அதில் இருந்தது ஒரே வரி: ஹோம் ஸ்டூடியோ பேக்கேஜ், ஒரு செட், 3,400 வெள்ளி. மாடல் பெயர் இல்லை, தொடர் எண் இல்லை, எந்தப் பொருளுக்கு என்ன விலை என்பது இல்லை. இன்டர்ஃபேஸ் பழையது என்றால், "அது பேக்கேஜோடு இலவசமாகக் கொடுத்தது" என்கிறார். மென்பொருள் திருட்டுப் பிரதி என்றால், "அதற்கு நாங்கள் காசே வாங்கவில்லையே" என்கிறார். கம்ப்யூட்டர் பழையது என்றால், "இந்த விலைக்குப் புதியது எப்படி அக்கா வரும்?" என்கிறார். அப்படியானால் 3,400 வெள்ளி எதற்கு? மூன்று இடத்திலும் தப்பிக்க அந்த ஒற்றை வரி போதுமாக இருந்தது. இது கவனக்குறைவாக எழுதிய ரசீது என்று நான் நம்பவில்லை.

நம் ஊரில் இதற்கு வழி இருக்கிறது. 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டப்படி, பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடையுடையது. பயன்படுத்திய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பது நியாய வர்த்தகச் சட்டத்தில் நியாயமற்ற நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. முதலில் கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்தின் ஆலோசனையைக் கேட்டேன். கடை அசைந்து கொடுக்காததால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போனேன். அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் கொண்டு இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளி. 20,000 வெள்ளி வரை கோரலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை, அதனால் பேச்சுத் திறமையை எண்ணிப் பயப்பட வேண்டாம்.

லெமன் சட்டம் கடையிடம் வாங்கியதற்குத்தான் பொருந்தும். தனியாள் தனியாளுக்கு விற்றால் பொருந்தாது. இங்கேயும் ஒரு பொறி இருந்தது. பணத்தைப் பேநவ் என்ற மின்பணப் பரிமாற்ற முறையில் தன் சொந்தக் கைபேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னார் கடைக்காரர். நான் மறுத்து, நிறுவனப் பதிவு எண்ணுக்குத்தான் அனுப்பினேன். அது இல்லாவிட்டால், "அது தனிப்பட்ட முறையில் கொடுத்தது" என்று பேசியிருப்பார். ரசீது சொல்லாததை வாட்ஸ்அப் சொன்னது. "எல்லாம் பிராண்ட் நியூ அக்கா, ஒரிஜினல் லைசென்ஸ்" என்று அவரே எழுதியதையும், தயாரிப்பாளரின் பதிலையும் நடுவர் மன்றப் பதிவாளர் முன் வைத்தபோது கடைக்காரருடைய குரல் இறங்கிவிட்டது. பேசி முடித்ததில் 2,300 வெள்ளி திரும்பி வந்தது. மைக்கும் ஹெட்ஃபோனும் என்னிடம் இருக்கின்றன.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஒவ்வொரு பொருளையும் மாடல் பெயர், தொடர் எண், விலையோடு தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கடையிலேயே டைரக்ட் மானிட்டர் திருகை மறுபக்கம் திருப்பி, எதிரொலி சேர்த்து, தாளம் தட்டிப் பாருங்கள். இன்டர்ஃபேஸின் எண்ணைப் பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் மின்னஞ்சலில் பதிந்து காட்டச் சொல்லுங்கள். மென்பொருளுக்காக யாரிடமும் ஏமாற வேண்டிய தேவையே இல்லை. ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் என்ற பதிவு மென்பொருள் இலவசம். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். தனியாருக்கான உரிமம் 60 அமெரிக்க டாலர்தான். நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன். கம்ப்யூட்டரே பிடிக்காதவர்கள், எஸ்டி கார்டில் பதியும் பலதடக் கருவிகள் இன்னும் புதிதாக விற்கப்படுகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். யாரும் உங்களைத் துரத்தவில்லை.

இப்படி ஒரு தொகுப்பை ஏற்கெனவே வாங்கியிருந்தால், இன்றைக்கே தொடர் எண்ணைப் பதிந்து பாருங்கள், வைரஸ் தடுப்பில் விலக்குப் பட்டியலைத் திறந்து பாருங்கள். நடுவர் மன்றத்தில் கோரிக்கை வைக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கைபேசியை மாற்றும்போது கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். குரல் செய்தியாக இருந்தால் அதைத் தனியாகச் சேமித்து வையுங்கள்.