தவக்காலத்துக்கு எந்தத் திருமடல்: லியோவா, பிரான்சிஸா?

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான தவக்காலம் நெருங்கினால், கோலாலம்பூரில் எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் குழு) எந்தத் திருமடலை, அதாவது போப்பின் கடிதத்தை, சேர்ந்து வாசிப்பது என்ற கேள்வி வந்துவிடும். திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய ‘ரேரும் நோவாரும்’ மடலை வாசிக்கலாம் என்பார்கள் பெரியவர்கள். திருத்தந்தை பிரான்சிஸின் சுற்றுச்சூழல் பற்றிய ‘இறைவா உமக்கே புகழ்’ (2015) வேண்டும் என்பார்கள் பிள்ளைகள்.

நீளம்: லியோவின் மடல் சிறியது, நான்கு வாரம் போதும். பிரான்சிஸுடையது 6 அதிகாரம், 246 பத்தி. தவக்காலத்துக்குள் முழுதாக முடியாது.

நடை: லியோ கொஞ்சம் கடினம், சொத்துரிமை, சோசலிசம் என்று வாதம் நீளும். பிரான்சிஸ், பூமியைச் சகோதரி என்றும் தாய் என்றும் அழைத்து எளிமையாகத் தொடங்குகிறார்.

பொருள்தான் முக்கியம். தொழிலாளியும் முதலாளியும் ஒப்புக்கொண்ட சம்பளம் என்பதாலேயே அது நியாயமாகிவிடாது, சிக்கனமாக வாழ்பவருக்காவது அது போதவேண்டும் என்கிறார் லியோ. வேறு வழியில்லாமல் குறைந்த கூலிக்குத் தலையாட்டுபவர் அநீதிக்கு உள்ளானவர் என்றும் சொல்கிறார். இதை வாசித்தபோது, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி (பால் எடுத்து) வளர்ந்த ஒரு பாட்டி கண்ணாடியைக் கழற்றி, “அந்தப் பத்திய இன்னொரு தடவ படிய்யா” என்றார். தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையும் அதே மடலில் உண்டு.

பிரான்சிஸின் 211ஆம் பத்தி அன்றைக்கே செய்யக்கூடியது: பிளாஸ்டிக்கைத் தவிர், குப்பையைப் பிரி, சாப்பிடும் அளவுக்குச் சமை. அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகள் சில்வர் டம்ளர் கொண்டுவந்தார்கள்.

சம்பளம், வேலை என்று அல்லாடுபவர்கள் கூடும் குழுவா? லியோவை எடுங்கள். குடும்பமாக, பிள்ளைகளோடு என்றால் பிரான்சிஸ். ஆனால் இரண்டாம், ஆறாம் அதிகாரம் மட்டும் போதும்.