ரெசின் ரயில் பெட்டித் தொகுப்பு: வாங்கும் முன்

அச்சில் வார்த்த ரெசின் (இறுகிய செயற்கைப் பிசின்) பாகங்களை ஒட்டிக் கட்டும், 1:87 அளவிலான (அசலில் 87-இல் ஒரு பங்கு) இந்த மாதிரிச் சரக்குப் பெட்டித் தொகுப்பை, பிளாஸ்டிக் தொகுப்பைப் போல ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்றெண்ணி வாங்க வேண்டாம். தனித்தனித் தகடுகளாக வரும் சுவர்களின் விளிம்புப் பிசிறுகளை, தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால், வாட்டர் பேப்பரை நனைத்தே தேய்க்க வேண்டும். அச்சிலிருந்து வந்த வழவழப்பைச் சோப்புநீரில் கழுவாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் கூரைத் தகட்டை ஜன்னலோரம் வைத்தால் வளைந்துவிடும். வெந்நீரில் முக்கி, கண்ணாடிமேல் அழுத்தி ஆறவிட்டால் நேராகும். பிளாஸ்டிக் பசை இதில் ஒட்டாது. பெவிக்விக் போன்ற பசையோ திருத்த அவகாசம் தராது என்பதால், ஒவ்வொரு மூலைக்கும் மூலைமட்டம் பிடித்த பிறகே ஒரு சொட்டு விட வேண்டும். கைப்பிடிக் கம்பிகளுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளைகளைக் கையாலேயே இட வேண்டியிருக்க, படமில்லாத ஒற்றைக் குறிப்புத்தாள் தந்திருப்பது பெருங்குறை. ஆயினும் பலகை இடுக்குகளும் ரிவெட் தலைகளும் அத்தனை துல்லியம்; முன்பே சில பிளாஸ்டிக் பெட்டிகள் கட்டிப் பழகியவர்கள் தாராளமாக வாங்கலாம்.